சொல்லாத அடி

“ஒன்றும் பேசாத ஒருத்தியை எந்தக் குற்றத்துக்காகத் தண்டிப்பது, சாமி?”

தலைமையாசிரியர் குஞ்சிதபாதம் விழுந்து வணங்கி எழுந்தவுடன் கேட்டது இதுதான். திருநீற்றுக்குக் கை நீட்டவும் மறந்துபோனார்.

ஆற்றங்கரை மடத்தின் சந்நிதானம் அவரினும் வயதில் இளையவர். குஞ்சிதபாதத்துக்கோ ஓய்வு பெற ஒரு கோடைதான் பாக்கி. ஆயினும் தமக்குத் தீட்சை அளித்த கை இளைய கை என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. மனம் கலங்கினால் ஓடிவர அவருக்கு இருந்த இடம் இது ஒன்றே.

“பேசாதவளைத் தண்டிக்கச் சொல்வது யார்?”

குஞ்சிதபாதம் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து பதில் வந்தது.

“ஊருதான் சாமி.”

இரத்தினவேலு. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். அரிசி ஆலைக்குச் சொந்தக்காரர். மடத்தில் அடியார்க்கு அன்னமிடும் அரிசி அவர் ஆலையிலிருந்துதான் வருகிறது. வணங்கிவிட்டுத் தம் வீட்டுக் கூடத்தில் அமர்வதுபோல் தூணோரம் அமர்ந்தார்.

“சார் வண்டியில காத்து இல்ல. பாவம், இந்த வெயில்ல தள்ளிக்கிட்டு வருவாரேன்னு நாந்தான் கார்ல ஏத்திக்கிட்டு வந்தேன்.”

வண்டியில் காற்று இல்லை என்பதைக் குஞ்சிதபாதம் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. பள்ளி விட்டு வெளியே வந்து பார்த்தபோது இரண்டு சக்கரமும் தரையோடு அமுங்கிக் கிடந்தன. நிமிர்ந்தபோது கார் எதிரே நின்றது. அதன் கதவு முன்னரே திறந்திருந்தது.

பாதி வழியில் வீட்டிலிருந்து மனைவி அழைத்தாள். யாரோ நான்கைந்து பேர் வாசலில் நிற்கிறார்கள், சார் எப்போது வருவார் என்று கேட்டார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அங்கேயே நிற்கிறார்கள் என்றாள்.

“நம்ம பசங்கதான் சார். ஒரு பாதுகாப்புக்கு,” என்றார் இரத்தினவேலு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதன்பின் வழியெல்லாம் அவர் பேசியது தம் பேரப்பிள்ளையின் காதுகுத்தைப் பற்றி.

“நடந்ததைச் சொல்லும்,” என்றார் சந்நிதானம்.

“காலை வழிபாட்டில் உறுதிமொழி எடுப்போம், சாமி. ஒரு பிள்ளை மேடையில் நின்று ஒவ்வோர் அடியாகச் சொல்லும். மற்றவர்கள் வலக்கையை முன்னே நீட்டித் திருப்பிச் சொல்வார்கள். திங்களன்று பத்தாம் வகுப்பு வெண்ணிலாவின் முறை.”

“சொன்னாளா?”

“இது என் நாடு என்னும் முதல் அடியைச் சொன்னாள். அடுத்து, இந்நாட்டவர் எல்லாரும் எனக்கு உடன்பிறந்தார் என்று வர வேண்டும். அங்கே வாயை மூடிக்கொண்டாள். அந்த அடியைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா நின்றாள். பிறகு அடுத்த அடியிலிருந்து கணீரென்று சொல்லி முடித்தாள்.”

“மறந்திருப்பாள்.”

“அப்படி இருக்க வேண்டுமென்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன், சாமி.”

மறுநாள் மேடையில் நின்றவன் ஒரு பையன். அவன் அந்த அடியை உரக்கவே சொன்னான். திருப்பிச் சொல்ல வேண்டிய இடத்தில் பத்தாம் வகுப்புப் பெண்கள் வரிசை ஓசையற்றுப் போயிற்று. அதற்கும் மறுநாள் அந்த மௌனம் ஒன்பதாம் வகுப்புக்குள் புகுந்தது. இன்று காலை மைதானம் முழுவதும்.

குஞ்சிதபாதம் கண்ணை மூடிக்கொண்டார். நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் அக்கம்பக்கம் பார்க்கவில்லை. கொடிக்கயிறு கம்பத்தில் மோதும் ஓசை கேட்டது. இத்தனை ஆண்டு அந்த மைதானத்தில் நின்றும் அவர் அவ்வோசையைக் கேட்டதில்லை.

கூச்சல் என்றால் அதட்டியிருப்பார். கூச்சலை அடக்க அவருக்குத் தெரியும். இதை என்ன சொல்லி அடக்குவது?

“அவளை அழைத்துக் கேட்டீரா?”

“கேட்டேன், சாமி.”

“அப்போதும் பேசவில்லையா?”

“மரியாதையில்லாமல் ஒன்று கேட்டாள்.”

“என்ன?”

குஞ்சிதபாதம் தூணோரம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அந்த அடியைச் சொல்லும்போது நீங்கள் யாரை நினைத்துக்கொள்வீர்கள், சார் என்று கேட்டாள்.”

“நீர் என்ன சொன்னீர்?”

“வகுப்புக்குப் போ என்றேன்.”

இரத்தினவேலு உரக்கச் சிரித்தார். “இதுக்கு எதுக்கு சாமி இம்மாம் பெரிய ஆலாபனை? நாளைக்குக் காலையில அந்தப் பொண்ணு மேடையேறணும். மைக்குல அந்த வரியச் சொல்லணும், ஊர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இல்லையா, சார் அவ கையில டி.சி.யக் குடுத்து அனுப்பணும். ரெண்டுல ஒண்ணு.”

“பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது,” என்றார் குஞ்சிதபாதம், தரையைப் பார்த்து. “இப்போது அனுப்பினால் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது. அவள் படிப்பு இதோடு போயிற்று.”

“அதான் சார் நானும் சொல்றேன். வாயத் தொறந்தா முடிஞ்சுது. யாரு அவ கழுத்தப் புடிச்சா? நாளைக்கு நாங்களும் எல்லாரும் வந்து நிப்போம். உங்களுக்கும் ஒரு துணையா இருக்குமுல்ல.”

துணை என்னும் சொல்லைக் குஞ்சிதபாதம் நாள்தோறும் இறைவனை நோக்கிப் பாடுகிறவர். அதைக் கேட்டு உடம்பு வியர்த்தது அன்றுதான்.

சந்நிதானம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீர் எதற்கு வந்தீர்?”

“சந்நிதானம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது உத்தரவு என்றால் எனக்கு...”

“பழி என் தலையில் விழும்.”

குஞ்சிதபாதம் மறுக்கவில்லை.

சந்நிதானம் வடபுறத்தைச் சுட்டினார்.

அவர்கள் இருந்த மடத்துப் பாடசாலைக் கூடத்தில் இரண்டு கோரைப்பாய்கள் எந்நேரமும் விரிந்திருக்கும். தென்புறத்துப் பாய் தம் கட்சியைச் சொல்வதற்கு. ஆனால் அதற்கு முன், வடபுறத்துப் பாயில் அமர்ந்து, மறுப்பவரின் கட்சியைச் சொல்லியாக வேண்டும். மறுப்பவரே வந்திருந்தால் ‘ஆம், இதுவே என் கருத்து’ என்று தலையசைக்கும்படி சொல்ல வேண்டும். பரபக்கம் என்று அதற்குப் பெயர். சாத்திரம் பயில வந்தோர்க்கு அங்கே அதுதான் முதற்பாடம். அந்தப் பாயில் அமர்ந்தவர் ‘அவர்’ என்று பேசலாகாது. ‘நான்’ என்றே பேச வேண்டும்.

குஞ்சிதபாதம் அதில் பலமுறை அமர்ந்தவர். கடவுளே இல்லை என்று அதிலிருந்து முழங்கிவிட்டு, எழுந்துபோய்ச் சுண்டல் தின்றிருக்கிறார். அன்று அந்த நாலு முழத் தூரம் நடக்கக் கால் வரவில்லை.

“வெண்ணிலா பேசட்டும்,” என்றார் சந்நிதானம்.

“என்ன சாமி, ஆண்டு விழா நாடகமா?” என்றார் இரத்தினவேலு.

குஞ்சிதபாதம் வடபுறத்துப் பாயில் அமர்ந்தார்.

“நான் வெண்ணிலா. யாரோ தூண்டிவிட்டதால் நான் அவ்வாறு...”

“அது தென்புறத்துப் பாய்.”

“பெரியோர் சொற்படி நடக்க நான் கற்றுக்கொள்ளாததால்...”

“அதுவும் தென்புறம்.”

குஞ்சிதபாதம் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

“எனக்கு அந்த அடி மறந்துவிட்டது.”

“அது எந்தப் பாயும் அன்று. அது உமது ஆசை.”

இரத்தினவேலு கார்ச் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார். அது சுழல்வதைப் பார்த்தபடியே குஞ்சிதபாதம் வாய் திறந்தார். நாள்தோறும் பள்ளித் தாழ்வாரத்தில் கேட்டுப் பழகிய ஒரு பேச்சு அவர் நாவில் வந்து அமர்ந்தது.

“எங்கம்மா பேரு தனக்கொடி.”

சாவி நின்றது.

“சத்துணவுல சமைக்கிறதுக்கு எங்கம்மாவுக்கு ஆர்டர் வந்துச்சு. மொத நாளு அம்மா புதுச்சேல கட்டிக்கிட்டு வந்துச்சு. சாம்பார் நல்லாத்தான் இருந்துச்சு. நான் சாப்புட்டேன், எங்க தெருப் புள்ளைங்க சாப்புட்டுச்சுங்க. மத்தவங்கெல்லாம் வீட்டுலேர்ந்து டப்பா கொண்டாந்துட்டாங்க. சோறு அண்டாவோட அப்படியே இருந்துச்சு. தெனமும் அப்படித்தான். அப்புறம் ஊர்ப் பெரியவங்க வந்து, சார் ரூமுல கதவச் சாத்திக்கிட்டுப் பேசுனாங்க.”

“சார்,” என்றார் இரத்தினவேலு. மிக மென்மையாக.

குஞ்சிதபாதம் வீட்டு வாசலில் நிற்பவர்களை நினைத்தார். நிறுத்திவிட எண்ணினார். நா நிற்கவில்லை.

“சாயங்காலம் சார் அம்மாவக் கூப்புட்டு, ‘கொஞ்ச நாளைக்கு நீ பாத்திரம் மட்டும் கழுவும்மா, நெலம சரியாவட்டும்’னாரு. அம்மா ஒண்ணுமே சொல்லல. ‘சரிங்க சார்’னுட்டு அண்டாவத் தூக்கிக்கிட்டுக் கொழாயடிக்குப் போயிருச்சு. இன்னும் அங்கதான் இருக்கு. இப்ப வேற ஆளு சமைக்கிறாங்க, எல்லாரும் சாப்புடுறாங்க. நெலம சரியாயிருச்சாம். காலையில மேடையில ஏறி நின்னா எங்கம்மா குனிஞ்சு அண்டா தேய்க்கிறது நேராத் தெரியும்.”

ஒருமுறை மூச்சு வாங்கினார்.

“உறுதிமொழி கைய நீட்டிச் சொல்றது. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லக்கூடாதுன்னு ஆறாவதுல சார்தான் சொல்லிக்குடுத்தாரு. எனக்கு அந்த ஒரு அடி பொய்யா இருந்துச்சு. அத மட்டும் விட்டுட்டேன். நான் யாரையும் திட்டல. மத்த அடியெல்லாம் சொன்னேன்ல?”

சந்நிதானம் கையிலிருந்த உருத்திராக்கத்தை உருட்டியபடி கேட்டார்.

“அவள் தலையசைப்பாளா?”

“அசைப்பாள், சாமி.”

“முடிந்ததா?”

முடிந்தது என்று சொல்லி எழலாம். எதிரே தென்புறத்துப் பாய் காலியாகக் கிடந்தது. அங்கே போய் அமர்ந்து, ஊர் பெரிது, நான் சிறியவன், ஓய்வு நெருங்கிவிட்டது, வீட்டில் மனைவி தனியாக இருக்கிறாள் என்று சொல்லலாம். அத்தனையும் உண்மை.

அப்போது கூடத்தின் பின்னிருந்து அன்னம் வேகும் மணம் வந்தது. மடைப்பள்ளியில் யாரோ அகப்பையால் பானையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அந்த அடுப்பில் வெந்த சோற்றை எத்தனையோ குருபூசைகளில் உண்டிருக்கிறார் குஞ்சிதபாதம். அதை ஆக்குவோர் யார், ஆக்கலாகாதவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அதைக் கேட்டுவிட்டால், மனம் கலங்கும்போது ஓடிவர இனி இடமில்லை.

காற்றிழந்த சக்கரத்தைக் கண்டபோது நெஞ்சில் புகுந்த அச்சம், இந்த அச்சத்தின் முன்னே ஒன்றுமேயில்லாமல் போயிற்று.

“முடியவில்லை, சாமி.”

“சொல்லும்.”

“எங்கம்மா இந்த மடத்து மடைப்பள்ளியில சமைக்கலாமா, சாமி?”

இரத்தினவேலு எழுந்துவிட்டார். “யாரப் பாத்து என்ன கேக்குறீங்க சார்? மடத்துல வந்து கேக்குற கேள்வியா இது?”

உள்ளே அகப்பையின் ஓசை நின்றது.

சந்நிதானத்தின் விரல்களில் உருண்டுகொண்டிருந்த உருத்திராக்கமும் நின்றது. அவர் பார்வை ஒரு கணம் இரத்தினவேலுவின்மேல் சென்று மீண்டது. குஞ்சிதபாதம் அந்த முகத்தைப் பார்த்தார். இத்தனை ஆண்டு வணங்கிய முகம். அதில் அச்சம் இருந்தது. இவ்வாரம் முழுவதும் காலையில் கண்ணாடியில் அவர் கண்ட அதே அச்சம்.

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து இரு பாய்களின் ஓரத்தையும் தூக்கிப் போட்டது.

“இதற்கு என்னிடம் விடை இல்லை,” என்றார் சந்நிதானம்.

“நீங்க எதுக்கு சாமி விடை சொல்லணும்? அவர எந்திரிச்சு வெளிய போகச் சொல்லுங்க. தீந்துபோச்சு.”

சந்நிதானம் வடபுறத்துப் பாயை நோக்கித் திரும்பினார். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

“விடை தெரியாவிட்டால் கேட்டவரை வெளியே அனுப்பிவிட வேண்டுமாம். உமது பள்ளியில் அதுதான் வழக்கமா, ஆசிரியரே?”

குஞ்சிதபாதம் பாயைவிட்டு எழவில்லை.

“இன்று வரை அதுதான், சாமி.”