பலவேசத்தின் நெற்றிக்கு ஒடுக்கெடுத்த கதை

தென்காசிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்த பலவேசத்துக்கு மூளை இருந்ததா இல்லையா என்று ஊர்க்காரர்கள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. இருந்திருந்தால், அதைச் செலவழிக்காமல் அப்படியே வைத்திருந்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். வீட்டோடு அவருக்கு மூன்று மைத்துனர்கள். மூத்தவன் ஆவுடையப்பன், நடுவன் மாடசாமி, இளையவன் இசக்கிமுத்து. அத்தான் எது சொன்னாலும் தலையாட்டுவதுதான் அவர்களுக்கு வேலை. அதையும் சில நாள் தப்பாகச் செய்வார்கள்.

பலவேசத்துக்கு அறுபதாம் கல்யாணம் நெருங்கியது. அந்த நேரம் பார்த்துக் கல்யாணச் சீர் வாங்க வந்த ஒரு பெண், "தாத்தா, இந்த இட்லிக் கொப்பரை என்ன விலை?" என்று கேட்டுவிட்டாள்.

தாத்தாவா! பலவேசம் விலையைச் சொல்லவில்லை. கொப்பரையின் பளபளப்பில் தன் முகத்தைப் பார்த்தார். நெற்றி முழுக்க வரிவரியாகக் கோடு. நசுங்கின குடத்துக்கெல்லாம் ஒடுக்கெடுத்துக் கொடுக்கிற கடையில், முதலாளி நெற்றி இப்படியா இருப்பது?

மனைவி கோமதி சொந்தக்காரர்களை அழைக்க மதுரைக்குப் போயிருந்தாள். தடுக்க ஆளில்லை. மைத்துனர்களைக் கூட்டிக்கொண்டு, ஊசி போட்டுச் சுருக்கம் நீக்குகிற டாக்டர் ஒருவரைத் தேடித் திருநெல்வேலிக்குப் போனார்.

டாக்டரம்மா நெற்றியில் வரிசையாக ஊசி போட்டுவிட்டு, மைத்துனர்களைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "நாலு மணி நேரம் இவர் படுக்க வேண்டாம், குனிய வேண்டாம். முகத்துல கை படக்கூடாது. வெயிலும் வேண்டாம். வீக்கம் இருந்தா ஐஸ் வைங்க. நல்லா பாத்துக்கோங்க."

இசக்கிமுத்து அந்த நொடியே அத்தானைப் பார்க்க ஆரம்பித்தான். இமைக்காமல் பார்த்தான். கண்ணிலிருந்து நீர் வடிந்தது.

"ஏன் அழுறார்?" என்று டாக்டரம்மா பதறினார்.

"அழலைம்மா. நல்லா பாத்துக்கிடுதான்" என்றான் ஆவுடையப்பன்.

வாசலில் கார் நின்றது. கதவைத் திறந்ததும் சிக்கல் வந்துவிட்டது.

"உள்ள ஏறணும்னா அத்தான் குனியணும்லா?" என்றான் மாடசாமி.

"குனியாம ஏறச் சொல்லு."

"அப்ப தலை வெளிய நின்னுரும்."

"தலைக்குத்தான் வைத்தியமே பாத்திருக்கு. தலையை விட்டுட்டு மத்ததை மட்டும் கொண்டுபோய் என்ன செய்ய?"

இதில் நியாயம் இருப்பதாகப் பலவேசத்துக்குப் பட்டது. காரை அனுப்பிவிட்டு, கடைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு நின்ற லோடு ஆட்டோவைப் பிடித்தார்கள். அதன் பின்புறத்தில் அத்தானை நட்ட கம்பம்போல நிறுத்தினார்கள். வெயில் படக்கூடாதே! சரக்கிலிருந்த பித்தளை அண்டா ஒன்றை எடுத்து அவர் தலையில் கவிழ்த்தார்கள்.

"அண்டா முகத்துல படுமே?" என்று இசக்கிமுத்து, பார்வையை எடுக்காமல் கேட்டான்.

"கைதான் படக்கூடாது. அண்டாவுக்குக் கை இருக்கா?"

உச்சி வெயிலில் அண்டா அடுப்பிலேற்றிய மாதிரி காய்ந்தது. ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது, கோயில் கலசம் போகிறது என்று நினைத்து ஜனங்கள் கும்பிட்டார்கள். ஓர் அம்மாள் பூ போட்டாள். அண்டாவுக்குள்ளிருந்து "தண்ணி... தண்ணி..." என்று குரல் வந்தது. அந்த அம்மாளுக்கு மேல் சிலிர்த்துவிட்டது. ஒரு குடம் தண்ணீரை அண்டாவின் மேல் ஊற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளே பலவேசத்துக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் தன்னை ஊரே கும்பிடுவது அண்டாவின் விளிம்புக்குக் கீழே தெரிந்த கால்களிலிருந்து அவருக்குப் புரிந்தது. ஊசி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று பூரித்துப்போனார்.

வீட்டு வாசல் குள்ளமானது. இத்தனை வருஷம் குனிந்தே போய் வந்த வாசல்.

"நிலையை இடிச்சிருவோமா?" என்றான் மாடசாமி.

"அக்கா வந்து நம்மளை இடிச்சிருவா. வாசலை உசத்த முடியாட்டி என்ன, தரையைத் தாத்துவோம்."

மண்வெட்டி வந்தது. வாசலில் குழி விழுந்தது. பலவேசம் நிமிர்ந்த தலையோடு குழியில் இறங்கி, நிலையைக் கடந்தார். மறுபக்கம் ஏற வேண்டுமென்றால் குனிந்தாக வேண்டும். ஆகவே உள்ளே முன்கூடமான பட்டாசாலை முழுக்கத் தோண்டினார்கள். தோண்டி முடிப்பதற்குள் டாக்டரம்மா சொன்ன நாலு மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அதைக் கவனிக்க அங்கே யாருக்கு நேரம்?

இதற்கிடையில் ஆவுடையப்பன் மீன் சந்தைக்குப் போய் ஒரு பாளம் ஐஸ் வாங்கி வந்துவிட்டான். அத்தானின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வீக்கம் இல்லை.

"வீக்கம் இருந்தாத்தான ஐஸ் வைக்கணும்?"

"ஐஸ் இருக்கு. வீக்கத்துக்கு எங்க போக?"

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்கள். "வீக்கம் இல்லைன்னா ரொம்ப நல்லது" என்று அவர் வைத்துவிட்டார்.

"அந்தம்மா நம்ம மனசு நோகக்கூடாதுன்னு சொல்லுதாவ" என்றான் ஆவுடையப்பன் கவலையோடு. "ஐஸ் உருகிட்டே இருக்கு. சீக்கிரம் ஏதாவது செய்யணும்."

அப்போது ஓர் ஈ வந்து பலவேசத்தின் நெற்றியில் உட்கார்ந்தது. மாடசாமி ஓங்கிய கையைப் பாதியில் நிறுத்தினான். கை படக்கூடாது. அடுக்களைக்கு ஓடி இரும்புத் தோசைக்கரண்டியை எடுத்து வந்தான். டங்கென்று ஒரு சத்தம். ஈ பறந்துவிட்டது. நெற்றியில் பணியாரம் மாதிரி வீக்கம் எழும்பியது.

மூவரும் அத்தானைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். பலவேசம் வலியில் கண் கலங்கினாலும், வைத்தியம் ஒழுங்காக நடக்கிறதே என்று ஆறுதல்பட்டுக்கொண்டு ஐஸுக்கு நெற்றியைக் காட்டினார்.

கோமதி ஊரிலிருந்து வந்து, வாசல்படி என்று நினைத்துக் குழியில் கால் வைத்தாள். விழுந்த இடத்திலிருந்து அவள் பேசியதை எழுத முடியாது.

எப்படியோ, கல்யாணத்துக்குள் வீக்கம் வடிந்து நெற்றி புதுத் தட்டுபோல ஆகிவிட்டது. மேடையில் சாஸ்திரிகள் பலவேசத்தைப் பார்த்து, "அடடா, நாப்பதுதான் மதிக்கலாம்!" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். தட்சிணைக்காகச் சொன்ன பேச்சு. ஆவுடையப்பன் மேளத்தை நிறுத்தினான்.

"நாப்பது வயசுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் செஞ்சா தெய்வக்குத்தம்லா?"

"அக்காளுக்கு அம்பத்தஞ்சு. மாப்பிள்ளையைவிடப் பொண்ணு மூப்பு. பொருத்தமே இல்லை" என்றான் மாடசாமி.

பலவேசம் எழுந்து நின்று மாலையைக் கழற்றினார். தெய்வக்குத்தத்துக்கு அவர் ஆளில்லை. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

எடுத்த சுருக்கத்தைத் திருப்பித் தர முடியுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்கள். சில மாதத்தில் மருந்து இறங்கிவிடும், சுருக்கம் தானாக வரும் என்றார் அவர். அதன்பிறகு தினமும் காலையில் மூவரும் அத்தான் நெற்றியைச் சோதித்தார்கள். ஒருநாள் மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது. இசக்கிமுத்து தெருவில் வெடி போட்டான். கோடுகள் எல்லாம் நிரம்பியதும் மறுபடி நாள் பார்த்து, கோமதி கழுத்தில் பலவேசம் தாலி கட்டினார்.

கல்யாண ஆல்பம் வந்தது. போட்டோ எடுத்தவன், பெரியவர் சந்தோஷப்படுவார் என்று கம்ப்யூட்டரில் அவருடைய சுருக்கத்தையெல்லாம் துடைத்திருந்தான். முதல் பக்கத்தைத் திறந்த ஆவுடையப்பன் அலறினான்.

"எவனோ நாப்பது வயசுக்காரன் அக்கா கழுத்துல தாலி கட்டுதான்!"

கோமதி எட்டிப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். "அதான பாத்தேன்! முடிச்சு போடும்போது இவருக்குக் கை நடுங்குமே, அன்னைக்கு நடுங்கலையேன்னு!"

பலவேசத்துக்கு ரத்தம் கொதித்தது. ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் ஆல்பத்தைப் பார்த்தார், பலவேசத்தைப் பார்த்தார், மறுபடி ஆல்பத்தைப் பார்த்தார்.

"ஆளைக் கண்டா அடையாளம் சொல்லுவீங்களா?"

"சொல்லாம என்ன சார்? என் பட்டு வேட்டியைக் கட்டிக்கிட்டு, எனக்கு வாங்கின மாலையைப் போட்டுக்கிட்டு, என் பொண்டாட்டி பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கான். எல்லாம் தெரியுது." பலவேசம் ஆல்பத்தை இன்ஸ்பெக்டர் பக்கம் நகர்த்தினார். "அந்த நேரத்துல நான் எங்க போய்த் தொலைஞ்சேன்னு மட்டும் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க சார்."