சிலம்பாயி வைத்த இடம்

அந்தக் காலத்தில் மிருகங்களுக்குப் பேச்சும் இருந்தது, பந்தாட்டமும் இருந்தது. இரண்டு மலைகளுக்கு நடுவே பெரிய புல்வெளி ஒன்று. கிழக்கு மலையில் இருந்தவர்கள் ஒரு கட்சி, மேற்கு மலையில் இருந்தவர்கள் ஒரு கட்சி. காய்ந்து உலர்ந்த தேங்காய் நெற்றுதான் பந்து. அது நீளவாக்கில் இருந்ததால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. பாதிச் சிரிப்பு அதிலேயே கிடைத்துவிடும்.

ஆனால் ஆட்டம் வெறும் சிரிப்புக்காக நடக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, கோடை தொடங்கும்போது ஆடுவார்கள். ஜெயித்த கட்சிக்கு அந்தக் கோடை முழுவதும் மடுவில் முதல் தண்ணீர். தோற்றவர்கள் காத்திருந்து, கலங்கியதைக் குடிக்க வேண்டும்.

ஆட்ட விதி இதுதான். நெற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிர்க்கட்சியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்க வேண்டும். வைத்தால் ஒன்றும் கிடைக்காது. அங்கே நிற்கும் இரண்டு பனைமரங்களுக்கு இடையே கட்டிய கொடிக்கு மேலே நெற்றை உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைக்கும், அவ்வளவே. உதைத்தது கொடியைத் தாண்டினால்தான் ஒரு கணக்கு. நடுவராக இருந்த இருவாட்சிப் பறவை பனை உச்சியில் உட்கார்ந்து, தாண்டியதா இல்லையா என்று சத்தமாகச் சொல்லும்.

கிழக்குக் கட்சியில் சிலம்பாயி என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தாள். அவளுக்குக் குட்டைக் கால். உதைக்கவே வராது. ஆனால் நெற்றை வாயில் கவ்விக்கொண்டு தலையைக் குனிந்தாள் என்றால், நான்கு கரடிகள் சேர்ந்தாலும் நிறுத்த முடியாது. அவள் கட்சிக்கு உதைப்பவன் நெடுவன் என்ற கடமான். அழகாக நடந்து வருவான், அழகாக உதைப்பான். நெற்று கொடியைத் தாண்டினால் மலை முழுவதும் அவன் பெயரைச் சொல்லும்.

அந்த ஆண்டு ஆட்டத்தன்று நல்ல காற்று. காலையிலிருந்து ஆறு முறை சிலம்பாயி கோட்டைத் தாண்டி நெற்றை வைத்தாள். ஆறு முறையும் நெடுவன் உதைத்ததைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது. மேற்குக் கட்சிக்காரர்கள் ஒரே ஒரு முறைதான் கோட்டைத் தொட்டார்கள். துடியன் என்ற கீரி எல்லார் கால்களுக்கும் இடையே புகுந்து ஓடி, மூச்சு வாங்க நெற்றை வைத்தான். அவர்கள் தலைவன் கடம்பன் ஒரு காட்டெருமை. அவன் விட்ட உதையில் நெற்று கொடிக்கு மேலே பறந்தது.

"மேற்குக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்றுமில்லை" என்றது இருவாட்சி.

பொழுது சாயும் நேரம். சிலம்பாயி ஏழாவது முறை புகுந்தாள். கரடி ஒன்று அவள் காதைப் பிடித்து இழுத்தது, காது கிழிந்தது. கூடவே தள்ளிக்கொண்டு வந்த முள்ளம்பன்றிக்குப் பாதி முள் உதிர்ந்திருந்தது. முயல் நொண்டிக்கொண்டே வந்தது. எல்லாருமாகக் கோட்டைத் தாண்டி விழுந்தார்கள். சிலம்பாயி நெற்றைத் தரையில் வைத்தாள்.

நெடுவன் நிதானமாக நடந்து வந்தான். "கொடு, உதைக்கிறேன்."

சிலம்பாயி அவனைப் பார்த்தாள். பிறகு நொண்டி நின்ற முயலைப் பார்த்தாள். நெற்றின் மேலேயே படுத்துக்கொண்டாள்.

"தர மாட்டேன்."

"உதைக்காவிட்டால் கணக்கில்லை, சிலம்பாயி. பொழுது போகிறது" என்றது இருவாட்சி.

"போகட்டும். ஏழு முறை இங்கே வந்திருக்கிறேன். நான் வந்ததாக நீ ஒரு முறைகூடச் சொல்லவில்லை. தாண்டவில்லை, தாண்டவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய்."

கடம்பன் மெல்ல நடந்து வந்து பன்றியின் பக்கத்தில் நின்றான். அவளை விரட்டப் போகிறான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவன் தன் கட்சிப் பக்கம் திரும்பினான்.

"துடியா, இன்றைக்கு உன்னை யாராவது பாராட்டினார்களா?"

கீரி தலையைக் குனிந்துகொண்டான். "இல்லை அண்ணே. உங்களைத்தான் பாராட்டினார்கள். அடுத்த வருஷம் வர வேண்டாம் என்று நினைத்திருந்தேன்."

"நீ வராவிட்டால் நான் எதை உதைப்பேன்?" கடம்பன் நிமிர்ந்து பார்த்தான். "இருவாட்சி, கோட்டைத் தாண்டி வைத்ததையும் எண்ணு. ஏழு முறையும் எண்ணு."

மேற்குக் கட்சியில் முணுமுணுப்பு எழுந்தது. எண்ணினால் தண்ணீர் போய்விடும். கடம்பனுக்கும் அது தெரியும். அவன் அசையவில்லை.

சிலம்பாயிதான் எழுந்தாள். "வேண்டாம், கடம்பண்ணே. காலையில் பழைய விதிக்கு ஒப்புக்கொண்டுதானே ஆட வந்தோம்? இந்த வருஷத் தண்ணீர் உங்களுடையது. அடுத்த ஆட்டத்திலிருந்து எண்ணினால் போதும்."

அந்தக் கோடையில் மேற்குக் கட்சி முதலில் குடித்தது. ஆனால் கடம்பன் ஒரு நாள்கூட மடுவைக் கலக்க விடவில்லை. கிழக்குக் கட்சிக்கும் தெளிந்த தண்ணீரே கிடைத்தது.

அடுத்த ஆண்டு புது விதி வந்தது. வைத்தால் ஒன்று, உதைத்துக் கொடியைத் தாண்டினால் மூன்று. சிலம்பாயி முதல் முறை கோட்டைத் தாண்டியதும், "கிழக்குக்கு ஒன்று, வைத்தவள் சிலம்பாயி" என்றது இருவாட்சி. கேட்டவுடன் அவள் கட்சி மொத்தமும் ஓடிவந்து அவள் மேல் விழுந்தது. முள்ளம்பன்றியும் விழுந்தது. முள் குத்திய வலியிலும் சந்தோஷத்திலும் அவள் போட்ட கத்தலுக்கு இரண்டு மலையும் சிரித்தன.

ஒன்று போதவில்லை என்று விரைவிலேயே தெரிந்தது. பெரிய கணக்கு இன்னும் உதைப்பவர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. வைப்பதற்கு மூன்று என்று ஆக்கினார்கள், பிறகு நான்கு, பிறகு ஐந்து. முள்ளம்பன்றி ஒரு ஆண்டு நெற்றை முதுகு முள்ளில் குத்திக்கொண்டு நடந்தே போய்விட்டது. யாரும் கிட்டே போகவில்லை. அதற்கு ஒரு விதி போட வேண்டியதாயிற்று. கரடி ஒரு ஆண்டு நெற்றின் மேல் படுத்துத் தூங்கிவிட்டது. அதற்கும் ஒன்று. ஒவ்வொரு கோடையும் ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்து, சென்ற முறை யாருக்கு வலித்தது, யாருக்குச் சலித்தது என்று பேசி, விதியைச் சற்றே திருத்திக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் முதல் வார்த்தை, அதிகம் அடிபடும் முயலுக்கு.

காலப்போக்கில் மிருகங்களுக்குப் பேச்சு போயிற்று. ஆட்டத்தை மனிதர்கள் எடுத்துக்கொண்டு அதற்கு ரக்பி என்று பெயர் வைத்தார்கள். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தவருக்கு உதைத்தவரைவிட அதிகப் புள்ளி கிடைப்பதும், வைத்தவர் எழுவதற்குள் கூட்டாளிகள் எல்லாரும் அவர் மேல் போய் விழுவதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடி உட்கார்ந்து விதிகளை மாற்றிக்கொள்வதும் ஒரு காட்டுப்பன்றி நெற்றைத் தர மாட்டேன் என்று படுத்த அந்த நாளிலிருந்து வந்த வழக்கம்தான்.