சிவப்பு விளக்கை ஏமாற்றிய குரங்கு

ஆற்றங்கரைக் காட்டில் மிருகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கணினி நிரல் எழுதிவந்தன. ஆற்றில் நட்டிருந்த அளவுக் கருவி நீர்மட்டத்தைச் சொல்லும். மட்டம் ஏறினால் நிரல் சங்கு ஊதும். அந்த நிரல் யாருக்கும் தனிச் சொத்தில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் எந்தத் திருத்தமும் முதலில் தானியங்கிச் சோதனையைத் தாண்ட வேண்டும். தப்பென்றால் சிவப்பு விளக்கு, சரியென்றால் பச்சை. புலி எழுதினாலும் எலி எழுதினாலும் அதே விளக்குதான்.

பச்சை வாங்கிய திருத்தத்தைப் படித்துப் பார்த்து நிரலில் சேர்ப்பது நீர்நாயின் பொறுப்பு. அதன் வளை கரையை ஒட்டியே இருந்தது. உள்ளே இன்னும் கண் திறக்காத குட்டிகள்.

மழைக்காலம் நெருங்கியது. பழைய நிரலோ மந்தம். வெள்ளம் வாசலுக்கு வந்த பிறகுதான் ஊதும். குட்டிகளைத் தூக்க நேரமிருக்காதே என்று நீர்நாய் தவித்தது. அப்போது குரங்கு நிரலை வேகமாக்கி எழுதிக்கொண்டு வந்தது. கெட்டிக்காரக் குரங்குதான், ஆனால் பொறுமை மருந்துக்கும் கிடையாது.

சிவப்பு எரிந்தது. "கருவியிடமிருந்து தகவல் வராவிட்டால் சங்கு ஊத வேண்டும். ஊதவில்லை" என்றது சோதனை.

"இந்தச் சோதனைக்கு வேற வேலை இல்ல" என்று முணுமுணுத்தபடி குரங்கு போனது. சற்று நேரத்தில் திரும்பி வந்தது. விளக்கு பச்சை!

நீர்நாய்க்கு நெஞ்சு குளிர்ந்தது. இருந்தாலும் வழக்கப்படி வரிவரியாகப் படித்தது. சிவப்பு எரிந்த பிறகு குரங்கு நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. சோதனையைத்தான் மாற்றியிருந்தது, 'தகவல் வராவிட்டால் சங்கு ஊதக்கூடாது' என்று!

"பதில் தப்புன்னதும் கேள்வியை மாத்திட்டு வந்திருக்கியே, தம்பி."

"மழை வரப்போகுது அக்கா. இந்த ஒரு தடவை சேர்த்துருங்க. உங்க குட்டிங்களுக்காகத்தான் சொல்றேன்."

கூடியிருந்த மிருகங்களும் அதற்குத் தலையாட்டின. நீர்நாய்க்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அது மசியவில்லை.

"குட்டிங்களுக்காகத்தான் மாட்டேங்கிறேன். கருவி பேசலைன்னா தண்ணி இல்லைன்னு அர்த்தமா? தண்ணியே அதை அடிச்சிட்டுப் போயிருந்தா? உட்காரு. ரெண்டு பேருமா திருத்துவோம்."

இரண்டும் திருத்தின. சிவப்பு. மறுபடியும் சிவப்பு. குரங்கு எழுந்து போகப் பார்த்தது; நீர்நாய் அதன் வாலைப் பிடித்து உட்கார வைத்தது. முதல் தூறல் விழும்போது, சோதனையில் யாரும் கை வைக்காமலே பச்சை எரிந்தது. நீர்நாய் உடனே திருத்தத்தைச் சேர்த்தது.

மறுநாள் காலை ஆறு பெருக்கெடுத்து வந்தது. வந்த வேகத்தில் அளவுக் கருவியைப் பிடுங்கி எறிந்தது. தகவல் நின்றது. அந்தக் கணமே சங்கு அலறியது. நீர்நாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேட்டில் சேர்த்தது. கடைசிக் குட்டியைக் கை நீட்டி வாங்கியது குரங்குதான். இரண்டும் திரும்பிப் பார்த்தபோது, வளை இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. குரங்கு குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

தவறைத் திருத்தாமல், தவறைக் காட்டிக்கொடுக்கும் சோதனையைத் திருத்துகிறவன் தன்னோடு சேர்த்து ஊரையும் கவிழ்ப்பான்.