தூக்கத்திலே குரல் கொடுத்த ஆள்காட்டி

காட்டுக் குட்டைக்கரையில் சித்தாயி என்றோர் ஆள்காட்டிக் குருவி மான்களுக்குக் காவல் பார்த்துவந்தது. நரியோ சிறுத்தையோ வந்தால் அலற வேண்டும். ஒன்றும் வராதபோது, 'எல்லாம் சரி' என்பதற்கு அடையாளமாய் இடையிடையே மெல்லக் குரல் கொடுக்க வேண்டும். அதற்குக் கைம்மாறாக, அது முட்டையிட்ட மணல்திட்டில் மான்கள் கால் வைக்காது. அதுதான் பேச்சு.

துணையை வல்லூறு தூக்கிப்போனதிலிருந்து சித்தாயி பாடு பெரும்பாடு. ராத்திரி பாம்புக்குப் பயந்து முட்டைமேல் முழித்திருக்கும். பகலெல்லாம் காவல். பாவம், எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்? உடம்பு அடித்துப் போட்டாற்போல் வலித்தது.

"கண்ணு சொருகுதே! மத்தியானம் மட்டும் நான் நிக்கட்டுமா?" என்று கேட்டது பக்கத்து மரத்து மைனா.

"ஒண்ணும் வேண்டாம்! எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டது சித்தாயி. உள்ளே ஒரே பயம். முடியவில்லை என்றால் வேலை போகும். வேலை போனால் மணல்திட்டும் போகும்.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. பழகிய வாயல்லவா! கண் மூடிய பிறகும் அந்த 'எல்லாம் சரி' குரல் மட்டும் தானாக வந்துகொண்டிருந்தது.

"சித்தாயி முழிச்சிருக்கா, கவலையில்லை!" என்று மூத்த பெண்மான் கோமளம் கால் நீட்டிப் படுத்தது. மற்ற மான்களும் படுத்தன.

நரி வந்தது. கோமளத்தின் குட்டி வீறிட்டது. அடித்துப் பிடித்து எழுந்த மான்கள், நரியை உதைத்துத் தள்ளிவிட்டுக் கண்மண் தெரியாமல் ஓடின. ஓடியது மணல்திட்டின் மேலே!

குட்டி பிழைத்தது. ஆனால் பின்னங்கால் கிழிந்திருந்தது. மூன்று முட்டைகளில் ஒன்றுதான் மிச்சம்.

"தூங்கிட்டியாடி?" என்று மூச்சிரைக்கக் கேட்டது கோமளம்.

"ஆமாக்கா... முடியலைக்கா."

"அதைச் சொல்லித் தொலைச்சிருந்தா நாங்க முழிச்சிருப்போமே! உன் குரலை நம்பித்தானே தூங்கினோம்!"

"சொன்னா என்னைத் துரத்திருவீங்கன்னு பயந்தேன்!"

கோமளம் மணலைப் பார்த்தது. அதற்குமேல் திட்ட மனசு வரவில்லை. "போ. அந்த ஒண்ணையாவது அணைச்சுப் படு. மைனா நிக்கட்டும்."

சித்தாயிக்கு அழக்கூடத் தெம்பில்லை. போய்ப் படுத்தது.

மறுநாள் உச்சிவெயிலில் மறுபடி கண் சொருகியது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, "மைனா, என்னால முடியலை. கொஞ்ச நேரம் நிக்கிறியா?" என்று கேட்டது.

"இதுக்கா இத்தனை தயக்கம்! நகரு!" என்றது மைனா.

உடம்பு தாங்காதபோது அதை நேரத்தோடு வாய்விட்டுச் சொல்வதும் வேலையைச் சேர்ந்ததுதான். மறைத்தால் நம்மை நம்பியவருக்கும் கேடு, நமக்கும் கேடு.