இருமி வந்தவருக்குக் கதவடைத்த தில்லைக்கண்ணனார்

திருவாலங்கரைக் கோயிலின் அன்னதானக் கூடத்தில் எச்சில் இலை எடுப்பதே தில்லைக்கண்ணனாரின் தொழில். சாப்பிட்டு எழுந்த ஒவ்வோர் அடியாரையும் கும்பிட்ட பிறகே இலைக்குக் குனிவார். அடியார் எது கேட்டாலும் மறுக்கமாட்டார். இதைத் தெரிந்துகொண்டு, உடுத்தியிருந்த வேட்டியைக்கூடக் கேட்டு வாங்கிப் போனார் ஒருவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பழக்கம்தான் அவர் குடியைக் கெடுத்தது. ஓர் ஆண்டு அடைமழையில், இருமிக்கொண்டே வந்த ஓர் அடியார் கேட்டார் என்று கைக்குழந்தையான மூத்த மகளைக் கொடுத்தார். வந்தவர் ஆசையாய் முத்தமிட்டுத் திருப்பித் தந்தார். எட்டாம் நாள் குழந்தை மூச்சுத் திணறி இறந்தது.

மறு ஆண்டு, அடுத்த பெண் ஏழாம் மாதத்திலேயே பிறந்தாள். எடை ஒன்றேகால் கிலோ. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னார்:

"மழைக்காலம் முடியிற வரைக்கும் சளி, இருமல் உள்ளவங்க யாரையும் கிட்ட விடாதீங்கய்யா. நமக்கு அது வெறும் சளி. இந்தப் பிஞ்சுக்கு மூச்சே நின்னுடும்."

தில்லைக்கண்ணனார் வாசலில் வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தார். கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது, இருமுகிறவர் வரவே கூடாது. தெருவே சிரித்தது.

"எச்சில் இலை எடுக்கிறவன் வீட்டுல ராசகுமாரியில்ல பொறந்திருக்கா!"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் ஒரு நண்பகல். கொட்டுகிற மழையில் முதிய அடியார் ஒருவர் வாசலில் வந்து நின்றார். அவர் மேல் ஒரு சொட்டு ஈரமில்லை. அவர் இருமினார். அந்த இருமல் கூரையிலிருந்தும் கேட்டது, ஆளில்லாத அடுப்படியிலிருந்தும் கேட்டது. மனைவி அஞ்சுகம் குழந்தையை மாரோடு இறுக்கிக்கொண்டார்.

"புள்ளையக் கொண்டா, தில்லைக்கண்ணு. நெத்தியில நீறு பூசிட்டுப் போறேன்."

"வேண்டாஞ் சாமி."

"மூத்தவளைக் குடுத்தியே. இவளைக் குடுக்க மாட்டியா?"

ஊருக்குப் புதியவருக்கு அது எப்படித் தெரியும்? தில்லைக்கண்ணனார் வந்தவரின் காலில் விழுந்து கதறினார்.

"என் உசுர எடுத்துக்குங்க சாமி. புள்ளையத் தரமாட்டேன். இது பாவம்னா நரகத்துக்கு நான் போறேன்."

எழுந்து, கதவைச் சாத்தித் தாழிட்டார். வெளியே இருமல் கோயில் பக்கமாக நகர்ந்து போனது. பிறகு சன்னல் வழியே பார்த்தார். சேற்றில் ஒரு காலடியும் இல்லை.

மாலையில், பூட்டிய கருவறைக்குள் யாரோ இருமினார்கள். குருக்கள் கதவைத் திறந்தார். உள்ளே ஆளில்லை. லிங்கத்திலிருந்து களைத்த குரல் ஒன்று எழுந்தது:

"தில்லைக்கண்ணு நம்மை உள்ள விடல. அவன் காவல் நமக்குப் பிடிச்சிருக்கு. இந்த மழைக்காலத்து இருமல் மொத்தமும் நம்மகிட்டயே இருக்கட்டும்."

அந்தக் கார்த்திகையில் ஊரில் ஒரு தொட்டிலும் வெறுமையாகவில்லை. கருவறை மட்டும் தை பிறக்கும்வரை இருமிக்கொண்டிருந்தது. பச்சிளம் மூச்சுக்காகப் பரமனையே மழையில் நிறுத்திவைத்த தில்லைக்கண்ணனாரை நெஞ்சாரக் கும்பிடுவோம்.