ஓடைக்கரை நரி வீடு மாத்துன கதை

ஒரு ஊர்ல ஒரு வேட்டைக்காரன் இருந்தானாம். பேரு இருளப்பன். முயல் வேண்டாம், காடை வேண்டாம், அவனுக்கு வேலையே நரி சுடுறதுதான். ஆட்டுக்குட்டியை நரி தூக்கிட்டுப் போச்சுன்னா மந்தைக்காரங்க எல்லாம் அவனுக்குத்தான் ஆள் விடுவாங்க. கையைக் குவிச்சு வாயில வச்சு "ஊ... ஊஊ... ஊ"ன்னு விட்டான்னா, அடுத்த ஊர் நரி பதில் சொல்லும். முகிலு, நீ பதில் சொல்ல வேண்டாம். அம்மா எந்திரிச்சு வந்துடுவாங்க. "ம்" மட்டும் சொல்லு.

"ம்."

அப்போ அந்த ஊருக்கு ஒச்சாயின்னு ஒரு அம்மா ஆட்டு மந்தையை ஓட்டிக்கிட்டு வந்துச்சு. ராத்திரியில ஆடுங்க எல்லாம் ஒருத்தர் வயல்ல படுத்துக்கும். புழுக்கை எல்லாம் வயலுக்கு உரம். அதுக்குப் பேரு கிடை. பௌர்ணமி வரைக்கும் இந்த வயல்லதான் கிடைன்னு வயல்காரர்கிட்ட வெத்தலை மாத்திக்கிச்சு அந்தம்மா. வெத்தலை மாத்திட்டா மாத்துனதுதான், கிடையை நகத்தக் கூடாது. அப்புறம் பாத்தா, வயலுக்குப் பக்கத்து ஓடைக்கரையில நரிப் பொந்து. விடிஞ்சா ஒரு ஆட்டுக்குட்டியைக் காணோம். மறுநாள் இன்னொண்ணு.

ஒச்சாயி குரல் எப்படி இருக்கும் தெரியுமா? தகரத்துல ஆணியை வச்சுக் கீறுன மாதிரி. "ஏய் இருளப்பா, அங்க ஒரு நரி குடும்பம் நடத்துது. ஒண்ணு விடாம முடிச்சிரு. இல்லேன்னா என் குட்டிங்க ஒண்ணுகூட மிஞ்சாது."

"சரிக்கா"ன்னான். அவன் குரல் பானைக்குள்ள இருந்து வரும்.

அப்புறம் முதல் தடவை துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டுப் போனான். பொந்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு. சர்ர்ருன்னு புதருக்குள்ள இருந்து அப்பா நரி வந்துச்சு. வந்து, ஐயோ பாவம், நொண்டுது. டக்கு... டக்கு... டக்குன்னு மூணு கால்ல நொண்டுது. நொண்டி நரிதானே, பிடிச்சிரலாம்னு இவன் பின்னாடியே போறான். வரப்பைத் தாண்டி, பனங்காட்டைத் தாண்டி, முள்ளுக்காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி விட்டுட்டு, நாலு காலும் நல்லா இருக்குன்னு காட்டிட்டு ஓடியே போச்சு.

"நடிச்சுச்சா?"

நடிச்சுச்சு. பொந்துப் பக்கம் அவனை வர விடக் கூடாதுல்ல.

அப்புறம் ரெண்டாவது தடவை, பொழுது விடியுறப்பவே வந்து எதிர்க்கரைப் பூவரச மரத்துல ஏறி உக்காந்துக்கிட்டான். பாத்தா, பொந்து வாசல்ல நாலு குட்டி. தொப்பு தொப்புன்னு ஒண்ணு மேல ஒண்ணு விழுது. போன வருசம் பொறந்த அக்கா நரிதான் காவல். ஒரு குட்டி அது காதைக் கடிக்குது, ஒண்ணு வாலைப் பிடிச்சுத் தொங்குது. அது பேசாம உக்காந்திருக்கு.

"உன்ன மாதிரியாக்கா?"

என்ன மாதிரி இல்ல. அது நல்ல அக்கா. அப்போ அம்மாவும் அப்பாவும் வந்துச்சுங்க. குட்டிங்க எல்லாம் ஓடிப் போயி அதுங்க வாயை நக்குச்சு. உடனே "உவ்வேக்"னு...

"வாந்தியா?"

வாந்திதான். நரிக்குத் தூக்குச்சட்டி ஏது? வயித்துல வச்சுத்தான் சோறு கொண்டாரும். எலி, நண்டு, ஈச்சம்பழம், கொஞ்சம் ஆட்டுக்கறி. குட்டிங்க தின்னு முடிச்சதும் மிச்சத்தை அக்கா நக்கிக்கிச்சு. அம்மா நரி வெறுந்தரையை மோந்து பாத்துட்டுப் படுத்துக்கிச்சு. விலா எலும்பு வரி வரியாத் தெரியுது. இருளப்பன் துப்பாக்கியைத் தூக்குனான். ஒண்ணைச் சுட்டா மத்தது ஓடிருமேன்னு சொல்லிக்கிட்டு இறங்கிட்டான். யாருகிட்ட சொன்னான்? தனக்குத்தானே சொல்லிக்கிட்டான்.

"ம்."

அப்புறம் மூணாவது தடவை. அவன்கிட்ட ஒரு வித்தை இருக்கு, அதுக்குத் தப்புன நரியே கிடையாது. புதர்ல மறைஞ்சுக்கிட்டு, புறங்கையில உதட்டை வச்சு உறிஞ்சுனான். "கீய்ங்... கீய்ங்... கீஈஈ." குட்டி நரி வலிச்சு அழுற சத்தம். விட்டதுதான் தாமதம், மூணு நரியும் பாய்ஞ்சு வந்துச்சு. அப்பா நரி நொண்டவே இல்ல. நேரா துப்பாக்கிக்கு எதிர்ல வந்து நின்னுச்சு. நரிக்கு இருக்கற தந்திரம் எல்லாம் எங்கயோ போச்சு. அம்மா நரி இன்னும் கிட்ட வந்துச்சு. அவன் முகத்தைப் பாக்கல, துப்பாக்கியைப் பாக்கல. அவன் கையைப் பாத்துச்சு. அங்கதானே குட்டி அழுதுச்சு?

அவனுக்கு விரல் மடங்கல. துப்பாக்கியைக் கீழ வச்சுட்டான்.

"அப்புறம்?"

அப்புறம் என்ன, ஒச்சாயிகிட்ட போய் வாங்கிக் கட்டிக்கிட்டான். "சுடச் சொன்னா வேடிக்கை பாத்துட்டு வந்திருக்கியா? நரிக்குப் பாவம் பாத்தா என் குட்டிக்கு யாருய்யா பாவம் பாக்குறது?"

"அக்கா, இன்னிக்கு ஒரு பொழுது குடு. நரிக்கு மனுச வாடை ஆகாது. அதுக்குத்தான் நான் ஆட்டுப் புழுக்கையை மேல தேச்சுக்கிட்டுப் போறது. இன்னிக்கு என் அழுக்குச் சட்டையைக் கழட்டிப் பொந்து வாசல்லயே போட்டுட்டு வரேன். குட்டிங்களத் தூக்கிக்கிட்டு ஓடைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்துக்குப் போயிரும்."

"போகலன்னா?"

"இருட்டுறதுக்குள்ள போகாம எது மிச்சம் இருந்தாலும் நானே சுட்டுடறேன்."

"நானும் வரேன். உன்னை நம்ப முடியாது"ன்னு சொல்லி, அந்தம்மா செவலை நாயையும் கூட்டிக்கிட்டு வந்து மண்மேட்டுக்குப் பின்னாடி உக்காந்துக்கிச்சு.

சட்டை வேலை செஞ்சுச்சு. அம்மா நரி மோந்து பாத்து, "ஹச்"சுன்னு தும்மிட்டு, ஒரு குட்டியைப் பிடரியில கவ்விக்கிட்டு ஓடையில இறங்குச்சு. அப்பா ஒண்ணு. மறுபடி அம்மா வந்து ஒண்ணு. அந்தக் கரையில மூணையும் விட்டுட்டு வர முடியாம அம்மா அங்கயே காவல் நின்னுக்கிச்சு. அப்பா புது இடம் பாக்கப் போயிருச்சு. இந்தக் கரையில ஒரு குட்டியும் அக்கா நரியும்தான் மிச்சம். பொழுது வேற சாயுது. இருளப்பன் துப்பாக்கியை எடுத்து மடியில வச்சுக்கிட்டான். வாக்குக் குடுத்துட்டானே.

அக்கா நரி இதுக்கு முன்னாடி குட்டியத் தூக்குனதே இல்ல. முதல்ல வாலைக் கவ்வுச்சு. "கீய்ங்"னு குட்டி கத்துச்சு. செவலை "உர்ர்ர்"னு எந்திரிச்சுச்சு. ஒச்சாயி டக்குன்னு முந்தானையால அது வாயைப் பொத்துச்சு. அப்புறம் அக்கா நரி குட்டியோட காலைக் கவ்வுச்சு. குட்டி தலைகீழாத் தொங்கி நழுவி, பொத்துன்னு விழுந்துச்சு. அக்கா நரி சுத்திச் சுத்தி வருது. அந்தக் கரையைப் பாக்குது, குட்டியப் பாக்குது.

அப்போ தகரத்துல கீறுற குரல், ரொம்ப மெதுவா, "பிடரியைப் பிடிடி"ங்குது.

இருளப்பன் திரும்பிப் பாத்தான். ஒச்சாயி அவனைப் பாக்கல. ஆட்டுக்குட்டியத் தூக்குற மாதிரி தன் கையை மடக்கிக் காட்டிக்கிட்டு இருக்கு, நரிக்கு.

மூணாவது தடவை அக்கா நரிக்குப் பிடரி கெடைச்சுருச்சு. குட்டி பொட்டலம் மாதிரி சுருண்டுக்கிச்சு. தலையை அண்ணாந்துக்கிட்டு, தத்தக்கா பித்தக்கான்னு ஓடை மணல்ல இறங்குச்சு.

"என்னக்கா, சுடவா?"ன்னான் இருளப்பன்.

"வாயை மூடு. அது இன்னும் கரை ஏறல."

ரெண்டு பேரும் மூச்சு விடாம பாத்துக்கிட்டே இருந்தாங்க. நாயுந்தான். மணல் தாண்டுச்சு, பாறை தாண்டுச்சு, அம்மா நரி இறங்கி வந்து மூக்கோட மூக்கு வச்சுச்சு.

கரை ஏறியாச்சு முகிலு. குட்டிங்க எல்லாம் அம்மா வயித்துல முட்டிக்கிட்டு கண்ணை மூடிருச்சு. இந்தப் பக்கம் ஆட்டுக்குட்டிங்களும் தூங்கியாச்சு. கதையும் கொட்டாவி விட்டுப் படுத்தாச்சு. "ம்" சொல்லு.

சரி, சொல்ல வேண்டாம். தூங்கு.