சுவர் இல்லாத பச்சைக்காரன்

கோடையில் ஒரு குளம் சுருங்கிச் சுருங்கி, தேக்கு மரத்தடியில் சின்னப் பள்ளமாக நின்றது. தண்ணீர் அசையவே இல்லை. வானம் அதில் விழுந்து தூங்கிக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் அங்கே யாரும் இருப்பதாகத் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊரே அந்தத் தண்ணீருக்குள் இருந்தது.

பள்ளத்தின் வெயில் பக்கம் பாசியுடையது. நீள நீளமான பச்சை இழைகள். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் உறுதியான சுவர். உள்ளே, வெயிலைச் சாப்பாடாக்கும் பசுங்கணிகம் சுருள் சுருளாக மின்னும். நிழல் பக்கம் அமீபாவுடையது. அதற்கு ஒரே செல்தான் உடம்பு, சுவரே கிடையாது. நினைத்த பக்கம் கால் நீட்டும். எதிரே வந்ததை அணைத்து விழுங்கும்.

இடம் குறைந்ததும் இரண்டும் கூடி ஒரு வழக்கம் வைத்தன. புதிதாக வருகிறவர்கள் தங்கள் செல்லைக் காட்ட வேண்டும். சுவரும் பச்சையும் இருந்தால் வெயில் பக்கம். இரண்டும் இல்லையென்றால் நிழல் பக்கம். பூஞ்சை வந்தபோது அதற்குச் சுவர் இருந்தது, பச்சை இல்லை. பாசி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, மிதந்துகொண்டிருந்த குச்சியில் ஒட்டிக்கொள்ளச் சொன்னது.

பள்ளத்துக்குப் பக்கத்தில் ஓர் எருமையின் குளம்படித் தடம். அதில் தேங்கிய கொஞ்சம் நீரில்தான் யூக்ளினா என்ற ஒற்றைச் செல் பச்சை உயிரும் ஒரு பாக்டீரியாக் கூட்டமும் இருந்தன. வெயில் ஏற ஏற அந்த நீர் வற்றியது. பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிடும். தடத்திலிருந்து பள்ளத்துக்கு நூல் மாதிரி ஓர் ஈரக்கோடு ஓடியது. யூக்ளினா சாட்டை போன்ற தன் இழையைச் சுழற்றிக்கொண்டு அதன் வழியே நீந்தி வந்தது. பின்னாலேயே பாக்டீரியாக்கள்.

பச்சையைப் பார்த்ததும் பாசிக்கு மகிழ்ச்சி. ஆசையாகத் தொட்டுப் பார்த்தது. உடம்பு நெளிந்தது.

"சுவர் எங்கே?"

"சுவர் இல்லைக்கா. மெல்லிசா ஒரு தோல்தான். நெளிஞ்சு நீந்தத் தோதா இருக்கும்."

"பச்சை உள்ளவங்க நீந்துறதா? அந்தப் பக்கம் போ."

சுவர் இல்லாததைக் கண்டு, நம்ம ஆள் என்று அமீபா வரவேற்றது. பிறகு உள்ளே உற்றுப் பார்த்து முகம் சுளித்தது. முகம் இல்லாததால் உடம்பு முழுவதையும் சுளித்தது.

"வயித்துக்குள்ள வெயிலை வச்சுக்கிட்டு நிழலுக்கு ஏன்யா வர்றே?"

பாக்டீரியாக்களுக்குச் சுவர் இருந்தது, உட்கரு இல்லை. மரபுச் சரடு ஓர் அறைகூட இல்லாமல் செல்லுக்குள் சும்மா சுருண்டு கிடந்தது. இவர்களை எந்தப் பக்கமும் சேர்க்க முடியாது என்பதில் மட்டும் பாசியும் அமீபாவும் ஒத்துப்போயின. தனக்கு இவை சாப்பாடாகத்தான் தெரிகின்றன என்பதையும் அமீபா ஒளிக்காமல் சொன்னது.

யூக்ளினாவும் பாக்டீரியாக்களும் தடத்துக்கே திரும்பின. நீர் இன்னும் இறங்கியிருந்தது. யூக்ளினாவின் உடம்பில் சேறு இடித்தது.

அப்போது, காற்றே இல்லாமல், ஒரு பெரிய தேக்கிலை கழன்றது. மெல்ல மெல்லச் சுழன்று இறங்கி, பள்ளத்தை அப்படியே மூடியது.

உள்ளே பகல் அணைந்தது. வெயில் இல்லாமல் பாசியால் பிராணவாயு விட முடியவில்லை. அது விடாததால் அமீபாவுக்கு மூச்சு முட்டியது. வெளிச்சம் தேடிப் போகலாமென்றால் பாசியைச் சுவர்கள் நகர விடவில்லை. அமீபாவால் நகர முடிந்தது, எந்தப் பக்கம் நகர்வது என்றுதான் தெரியவில்லை.

பள்ளத்திலிருந்து ஈரக்கோட்டின் வழியே முனகல் வந்தது.

"இலைன்னா எங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு," என்றது ஒரு பாக்டீரியா. "மெலிஞ்ச இடத்தைக் காட்டினா அரிச்சு ஓட்டை போட்டுடுவோம். ஆனா உள்ளே போனா அமீபா அண்ணன் எங்களைத் தின்னுடுவார்."

"இங்கேயே இருந்தா காய்ஞ்சு போவீங்க. வாங்க, நான் முன்னால போறேன்," என்றது யூக்ளினா.

இலைக்கடியில் யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. யூக்ளினாவின் உடம்பில் ஒரு சிவப்புப் பொட்டு உண்டு. எவ்வளவு மங்கலான வெளிச்சம் என்றாலும் அதை வைத்துத் திசை கண்டுகொள்ளும். அந்த இருட்டில், நீரில் கரைந்திருந்த சத்தை உறிஞ்சிக்கொண்டு அது இலையடியில் நெடுக நீந்தியது. ஓரிடத்தில், நரம்புகளுக்கு நடுவே, புழு சுரண்டிய இடம் தேன் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. அங்கே போய் நின்றது.

பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டன. அரிக்க அரிக்கப் பெருகின. குச்சியிலிருந்த பூஞ்சையும், யாரும் கேட்காமலே, தன் இழையை நீட்டி உதவ வந்தது.

அமீபா பசியோடு நெருங்கியது. பாக்டீரியாக்கள் இலையோடு ஒடுங்கின. நீட்டிய காலை அது மெதுவாக மடக்கிக்கொண்டது.

"எனக்கு வயிறு சரியில்லை. நீங்க வேலையைப் பாருங்க."

கடைசியில் இலை விட்டுக்கொடுத்தது. ஒரு வெயில் கீற்று நீருக்குள் இறங்கிப் பாசியைத் தொட்டது. இழைகளிலிருந்து குமிழ் குமிழாக மூச்சு எழுந்தது. அமீபா அந்தக் குமிழ்களுக்கு நடுவே கனவில் போல மிதந்தது.

பாசி யூக்ளினாவை மறுபடி தொட்டுப் பார்த்தது. பிறகு கேட்டது: "என்னை மாதிரிச் சுவர் இருந்திருந்தா நீ இங்கே வந்திருக்கவே முடியாது, இல்லையா?"

"முடியாதுக்கா. பச்சை இல்லாம இருந்திருந்தா வெளிச்சத்தைத் தேடவும் தோணியிருக்காது."

அதன் பிறகும் அந்தப் பள்ளத்தில் செல்லைப் பார்க்கும் வழக்கம் நிற்கவில்லை. யார் வந்தாலும் பாசி ஆவலோடு உள்ளே எட்டிப் பார்க்கும். உனக்கு என்னவெல்லாம் செய்ய வரும் என்று கேட்கும். பதில் வருவதற்குள் அமீபா நகர்ந்து இடம் விட்டிருக்கும்.

ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுப் பார்ப்பது அவரை அறிந்துகொள்வதற்கே அன்றி, வாசலில் நிறுத்தி வைப்பதற்கு அல்ல.